இங்கிலாந்தின் தெருப் படங்களும் ஊர்க்காரர் ஞாபகங்களும்

(நம் சங்கத்தின் மூத்தோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"ஆறு மாதம் லண்டனில் இருந்துவிட்டு வந்திருக்கிறீர்கள், அதைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்களேன்" என்று செயலாளர் கேட்டார். நான் இருந்தது லண்டன் இல்லை. அதற்குத் தெற்கே சர்ரே மாவட்டத்தில் ரைகேட் என்று ஒரு சின்ன ஊர். மகளும் மாப்பிள்ளையும் அங்கேதான் இருக்கிறார்கள். பிக் பென், டவர் பிரிட்ஜ் எல்லாம் நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் வருஷத்துக்கு நான்கு பேராவது போட்டுவிடுகிறார்கள். அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். அந்த நாட்டின் சின்னச் சின்ன ஊர்களை ஒரு கம்பெனி நூறு வருஷத்துக்கு மேல் விடாமல் படம் எடுத்தது. அந்தப் படங்களைப் பார்த்து அங்கிருக்கும் வயதானவர்கள் என்னென்னவோ சொல்கிறார்கள். அந்த இரண்டையும் பற்றித்தான் பேசப்போகிறேன்.

அங்கே கடைத்தெருவுக்கு ஒன்றாவது பழைய சாமான் கடை இருக்கும். தர்ம காரியத்துக்காக நடத்துகிறார்கள், சாரிட்டி ஷாப் என்று பெயர். அப்படி ஒரு கடையில் செருப்புப் பெட்டி நிறையப் பழைய படத் தபால் அட்டைகள் வைத்திருந்தார்கள். ஒன்று 50 பென்ஸ். பதினான்கு அட்டை வாங்கினேன். "யார் வீட்டுக் கடுதாசியையோ காசு கொடுத்து வாங்குவானேன்?" என்று என் வீட்டம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் சில அட்டைகளின் ஓரத்தில் ஊர் பெயர், தெரு பெயர், ஒரு எண், ஃபிரித் என்ற பெயர் எல்லாம் ஒழுங்காக அச்சாகியிருந்தன. முப்பத்துநான்கு வருஷம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு வரிசை எண்ணைக் கண்டால் விட மனசு வராது.

யார் இந்த ஃபிரித் என்று விசாரித்தால், அவர் கம்பெனி நடத்தியதே ரைகேட்டில்தான். பிரான்சிஸ் ஃபிரித் 1822-ல் செஸ்டர்ஃபீல்டு என்ற ஊரில் பிறந்தவர். ஆடம்பரம் கூடாது என்று சொல்லும் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். லிவர்பூலில் மொத்த மளிகை வியாபாரம் செய்து நன்றாகச் சம்பாதித்தார். நாற்பது வயதுக்கு முன்பே வியாபாரத்தை விற்றுவிட்டு, கேமராவைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்குக் கிளம்பிவிட்டார்! 1856-லிருந்து 1860-க்குள் மூன்று தடவை போய் வந்திருக்கிறார்.

அப்போது போட்டோ எடுப்பது எப்படி என்று தெரிந்தால்தான் அந்த மனிதரின் பிடிவாதம் புரியும். ஃபிலிம் கிடையாது. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசைபோன்ற திரவத்தை ஊற்றி, சில்வர் நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள்ளேயே கழுவியும் விடவேண்டும். எல்லாம் சில நிமிஷ வேலை. அதனால் இருட்டறையைக் கையோடு கொண்டுபோக வேண்டும். எகிப்து வெயிலில் கொலோடியன் தகட்டிலேயே கொதித்ததாம். இருட்டுக்காக அவர் பழைய கல்லறைகளுக்குள் போய்ப் படம் கழுவியிருக்கிறார்.

திரும்பி வந்து 1860 வாக்கில் ரைகேட்டில் கம்பெனி தொடங்கினார். பிரிட்டனில் உள்ள ஒவ்வொரு ஊரையும் படம் எடுத்து விற்பது என்று திட்டம். முதலில் தானே சுற்றினார், பிறகு சம்பளத்துக்கு ஆட்களை அனுப்பினார். 1898-ல் அவர் காலமான பிறகு பிள்ளைகள் நடத்தினார்கள். 1970 வரை, சுமார் 7,000 ஊர்களின் படங்கள் சேர்ந்தன. அதன் பிறகு கம்பெனியை மூடிவிட்டார்கள். அத்தனை படங்களும் சிதறிப்போகும் நிலை. போட்டோ வரலாறு தெரிந்த பில் ஜே என்பவர் சொல்லித்தான், ரோத்மன்ஸ் என்ற சிகரெட் கம்பெனி அவற்றை வாங்கிக் காப்பாற்றியது. புகையிலையால் விளைந்த நன்மை என்று நான் கேள்விப்பட்டது இது ஒன்றுதான்.

இத்தனை படங்களை யார் வாங்கினார்கள்? இதில் நம் தொழில் சம்பந்தப்பட்டிருக்கிறது. ஜான் லபக் என்று ஒரு வங்கி முதலாளி, எம்.பி.யாகவும் இருந்தவர். 1871-ல் அவர் கொண்டுவந்த சட்டத்தால்தான் 'பேங்க் ஹாலிடே' என்ற விடுமுறை நாட்களே வந்தன. வங்கிக்கு விட்ட லீவு ஊருக்கே லீவாகிவிட்டது. ஜனங்கள் ரயிலேறிக் கடற்கரை ஊர்களுக்குப் போனார்கள். போனவர்கள் ஞாபகத்துக்கு ஒரு படம் வாங்கினார்கள். 1894-ல் தனியார் அச்சிட்ட படத் தபால் அட்டைகளைத் தபாலில் அனுப்ப அனுமதி கிடைத்தது. 1902-லிருந்து ஒரு பக்கம் முழுவதும் படம், மறுபக்கத்தில் பாதி விலாசம், பாதி சேதி என்று ஆனது. அரை பென்னி தபால் தலை போதும். பெரிய ஊர்களில் தபால்காரர் ஒரே நாளில் பல நடை வருவார். காலையில் போட்ட அட்டை சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும். என்னிடம் உள்ள ஒன்றில், நாளை மூன்று மணி ரயிலில் வருகிறேன், குடை கொண்டு வா என்று மட்டும் எழுதியிருக்கிறது. இன்றைக்கு நாம் போனில் அனுப்பும் சேதிக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

அட்டையில் தேதி இல்லாவிட்டாலும் படத்திலிருந்தே வருஷத்தை ஓரளவு பிடித்துவிடலாம். இந்தத் துப்பறியும் வேலை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நம் கண்ணுக்குப் பழக்கமான அந்தச் சிவப்பு டெலிபோன் கூண்டு 1936-ல் வந்த வடிவம். அது படத்தில் இருந்தால் அதற்கு முந்தைய படமாக இருக்க முடியாது. வீட்டு முகப்புகளில் இருந்த இரும்புக் கிராதிகளை இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கிராதி இல்லாமல் மொட்டைச் சுவர் மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவைப் பார்ப்பதற்காகவே பலர் டி.வி. வாங்கினார்கள். புகைபோக்கிதோறும் ஆன்டெனா முளைத்திருந்தால் அதன் பிறகு. ரயில் நிலையத்தில் ஆள் நடமாட்டம் தெரிந்தால், அந்த ஊர்க்காரரிடம் ஸ்டேஷன் இன்னும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். 1963-ல் பீச்சிங் என்பவரின் அறிக்கை 2,000-க்கும் மேற்பட்ட ஸ்டேஷன்களை மூடச் சொன்னது. அந்தப் பெயரைச் சொன்னாலே அங்கே வயதானவர்களுக்கு இன்றும் முகம் மாறுகிறது.

கடை ஜன்னல்களில் விலைச் சீட்டுகூடப் படிக்க முடியும். 1971 பிப்ரவரி வரை அங்கே 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ஒரு காலத்தில் துணிக்கடைகளில் விலையை ஒரு ஃபார்த்திங் குறைத்து, அதாவது கால் பென்னி குறைத்து, முக்காலில் முடிப்பார்கள். நம் ஊர் 999 ரூபாய் தந்திரம்தான். அந்தக் கால் பென்னி சில்லறைக்குப் பதில் குண்டூசிப் பொட்டலம் கொடுப்பார்களாம். அணா பைசா கணக்கை என் அப்பா மனசாலேயே கூட்டுவார். அந்த மாதிரி ஆள்தான் அந்தக் காலத்தில் அங்கே கல்லாவில் உட்கார முடிந்திருக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் படத்தை உற்றுப் பார்த்தால் கிடைப்பது. ஆட்களின் பெயர் அப்படிக் கிடைக்காது. ஃபிரித் கம்பெனி ஊர் பெயரைப் போட்டது, தெரு பெயரைப் போட்டது, எண்ணைப் போட்டது. தெருவில் நிற்கும் ஆளின் பெயரைப் போடவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் விற்றது ஊர்க் காட்சியை. வங்கியில் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாத பணத்தை சஸ்பென்ஸ் கணக்கில் வைப்போம். பணம் கையில் இருக்கும், அது யாருடையது என்றுதான் தெரியாது. என் பதினான்கு அட்டையில் நிற்கும் மனிதர்கள் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள்.

அதில் ஒரு அட்டை, ரைகேட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் உள்ள ஒரு கிராமத்துடையது. 1906-ஆம் வருஷத்துத் தபால் முத்திரை. குறுக்கே ஒரு குதிரை வண்டி. குதிரை தலையை ஆட்டியதால் தலை மட்டும் கலங்கித் தெரிகிறது. வண்டிக்கு முன்னால் ஆறு பையன்கள். எட்டு, பத்து வயது இருக்கும். ஒருவன் கையில் வளையம் உருட்டும் குச்சி. கேமராக்காரரைப் பார்க்கத் தெரு முழுதும் கூடிய காலம் அது. ஆறு பேரும் அசையாமல் நிற்கிறார்கள்.

அந்தக் கிராமத்துக்குப் போனேன். தெரு அப்படியேதான் இருக்கிறது. குதிரை வண்டி நின்ற இடத்தில் கார்கள். படத்தில் இல்லாத ஒன்று அங்கே புதிதாக இருந்தது: புல்வெளி ஓரத்தில் கல்லால் ஆன சிலுவை, முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கு ஊர்க்காரர்கள் வைத்த நினைவுச் சின்னம். இருபதுக்கும் மேற்பட்ட பெயர்கள். 1906-ல் பத்து வயது என்றால் 1914-ல் பதினெட்டு. கையில் அட்டையை வைத்துக்கொண்டு அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். முகம் என் கையில், பெயர் கல்லில். எந்த முகத்துக்கு எந்தப் பெயர், அல்லது இவர்களில் ஒருவர் பெயராவது அதில் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க எனக்கு வழியில்லை.

அன்று சனிக்கிழமை. பக்கத்து ஊர் மண்டபத்தில் பழைய படங்களை மேஜைகளில் பரப்பி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு தாள், ஒரு பென்சில். தெரிந்தவர்கள் தெரிந்ததை எழுத வேண்டும். 'இந்த ரொட்டிக்கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு இறைச்சியையும் அவர் அடுப்பில் வைத்துத் தருவார்' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'பால் வண்டிக் குதிரைக்கு எந்த வீட்டில் நிற்கவேண்டும் என்று சொல்லவே வேண்டாம்' என்று இன்னொருவர். அதன் கீழே வேறு கையெழுத்தில், 'எங்கள் வீட்டில் மட்டும் நிற்காது, என் அப்பா பாக்கி வைத்திருந்தார்'. படத்தில் இருப்பது குதிரை மட்டும்தான் என்பதைப் பாருங்கள்.

டீ கொடுத்துக்கொண்டிருந்த அம்மையாருக்கு எண்பத்துநான்கு வயது. என் அட்டையைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். குச்சி வைத்திருக்கும் பையன்மேல் விரலை வைத்து, "இது என் அம்மாவின் மாமா" என்றார். அவர் போருக்குப் போய்த் திரும்பி வந்தாராம். ஒரு காது கேட்காது. 1950-கள் வரை அந்தத் தெருவிலேயே சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தார். இந்த அம்மையாருக்கே அவர்தான் சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்தார். எனக்கு என்னவோ ஒரு பெரிய நிம்மதி. மற்ற ஐந்து பேர்? உதட்டைப் பிதுக்கினார். "அம்மா இருந்திருந்தால் ஆறு பேரையும் சொல்லியிருப்பாள். நான் இந்தப் படத்தைப் பார்ப்பதே இன்றைக்குத்தான்." அம்மா இறந்தது 1991-ல்.

அட்டையை அவரிடமே கொடுத்துவிட நீட்டினேன். வாங்கவில்லை. பேரனுக்கு அனுப்பவேண்டும் என்று போனில் படம் எடுத்துக்கொண்டார். குச்சி வைத்திருக்கும் பையனின் பெயரை அவரே பென்சிலால் அட்டையின் பின்னால் எழுதித் தந்தார்.

இதற்கு நேர் எதிராகவும் ஒரு இடம் பார்த்தேன். தெற்குக் கடற்கரையில் டார்செட் மாவட்டத்தில் டைன்ஹாம் என்ற கிராமம். 1943 டிசம்பரில், ராணுவ டாங்கிப் பயிற்சிக்கு வேண்டும் என்று ஊரையே காலி செய்யச் சொன்னார்கள். 225 பேர். போர் முடிந்ததும் திரும்பி வரலாம் என்று நம்பித்தான் போனார்கள். தேவாலயத்தையும் வீடுகளையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கதவில் ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிட்டுப் போனார்கள். 1948-ல் அரசாங்கம் நிலத்தை நிரந்தரமாகவே எடுத்துக்கொண்டது. ஒரு குடும்பம்கூடத் திரும்பிக் குடியேறவில்லை. இன்றும் அது பயிற்சி நிலம்தான். பெரும்பாலான சனி, ஞாயிறுகளில் பொதுமக்களை உள்ளே விடுகிறார்கள்.

வீடுகளுக்குக் கூரை இல்லை. அடுப்படிக்குள் மரம் வளர்ந்திருக்கிறது. ஆனால் அங்கே பலகைகள் வைத்து, இங்கே இருந்த குடும்பம் இது, இவர் இன்ன வேலை பார்த்தார் என்று பழைய படங்களோடு எழுதியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தைப் பழையபடி சீர்செய்து வைத்திருக்கிறார்கள். சுவரில் பிள்ளைகள் கோட்டு மாட்டும் ஆணிகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு பிள்ளையின் பெயர். ஊரே இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது. மாப்பிள்ளை அதிகம் பேசமாட்டார். அங்கே ரொம்ப நேரம் நின்றுவிட்டு, "நம்ம வீட்டு ஆல்பத்தில் பாதிப் பேர் யாருன்னே எனக்குத் தெரியாது மாமா" என்றார்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார், காபியும் வந்துவிட்டது. பதினான்கு அட்டைகளையும் அந்த மேஜையில் வைத்திருக்கிறேன். ஓரத்தைப் பிடித்து எடுத்துப் பாருங்கள், காபியை மட்டும் தள்ளி வையுங்கள். கிராமத்து அட்டை மேலேயே இருக்கிறது. திருப்பிப் பார்த்தால் பென்சில் எழுத்து தெரியும்.