எரிக்கப்பட்ட சுருள்



வவுனியாவிலிருந்து கண்டி வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் கனகராயன்குளத்தைக் கடந்தே கிளிநொச்சியை அடைவர். ஊரின் பெயரிலேயே குளம் இருக்கிறது. மாரிகாலத்தில் குளம் நிறைந்து வான் பாயும் வேளை, கட்டில் ஓரிடத்தில் நீர் கசிகிறது என்று ஒருவன் ஓடிவந்து சொன்னால், குளத்தை நம்பி வாழும் ஊர் அவனைப் பகைவன் என்று கருதாது. மண்வெட்டியோடு கட்டுக்கு விரையும். பண்டைய யூதா நாட்டிலோ, அவ்வாறு வந்து சொன்னவரைப் பகைவரென்றே எண்ணினார்கள்.

அவர் எரேமியா தீர்க்கதரிசி. அவர் கண்ட கசிவு அநீதி. உழைத்தவனுக்குக் கூலி கொடாமல் மாளிகை எழுப்பிய யோயாக்கீம் அரசனை அவர் கண்டித்தார். சமாதானம் இல்லாதபோது சமாதானம் என்று கூறி மக்களைத் தேற்றிய குருமாரையும் கண்டித்தார். கி.மு. 605இல் தம் எச்சரிக்கைகளைப் பாருக்கு என்பவரைக் கொண்டு ஒரு சுருளில் எழுதுவித்தார். அடுத்த ஆண்டு குளிர்காலத்தில் அது அரசன்முன் வாசிக்கப்பட்டது. சில பத்திகள் வாசிக்கப்பட்டதும் அரசன் அவற்றைக் கத்தியால் அறுத்துக் கணப்பு நெருப்பிலே போட்டான். வேண்டாமென்று அமைச்சர் சிலர் மன்றாடியும் கேட்டானில்லை. சுருள் முழுவதும் எரிந்தது. எரிந்தது ஏடுதான், உண்மை எரியவில்லை. எரேமியா மீண்டும் எழுதுவித்தார். ஏறத்தாழ கி.மு. 587இல் பாபிலோனியப் படை எருசலேமையும் அதன் ஆலயத்தையும் தீக்கிரையாக்கியது.

இந்த வரலாற்றைத் தவறாகக் கையாளுவதும் எளிது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் ஊரையும் உறவையும் இழந்தார்கள். “இது இறைவன் எங்களுக்கு அளித்த தண்டனையோ?” என்று ஒரு தாய் கேட்டால், எரேமியாவின் நூலைக் காட்டி “ஆம்” என்று சொல்லத் துணியலாமா? துணியலாகாது. தீர்க்கதரிசி அழிவு வருமுன்னர்ப் பேசினார். அது வராதிருக்கவே பேசினார். நினிவே நகரம் யோனாவின் சொல்லைக் கேட்டுத் திருந்தியது. தப்பியது என்று வேதாகமம் கூறுகிறது. எச்சரிக்கை என்பது தீர்ப்புக்கு முன் நீட்டப்படும் இரக்கத்தின் கை. அழிவு நேர்ந்தபின் அழுகின்றவர்மேல் பழி சுமத்துவது தீர்க்கதரிசனம் அன்று. எரேமியா அழுகின்றவர்களோடு அழுதவர். பாபிலோனுக்கு வந்தால் ஆதரிப்போம் என்று பகைவர் அழைத்தபோதும், எஞ்சிய ஏழை மக்களோடு தங்கியவர்.

இன்னொரு செய்தியும் உண்டு. நகரம் முற்றுகையிலிருந்தபோது, காவலில் கிடந்த எரேமியா, ஆனதோத்திலே ஒரு வயலைப் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்கினார். உறுதியை மண்பாண்டத்தில் வைத்துப் பத்திரப்படுத்தச் சொன்னார். இந்நாட்டிலே மறுபடியும் வீடும் வயலும் வாங்கப்படும் என்பது அவர் நம்பிக்கை. இடம்பெயர்ந்தபோது காணி உறுதியை நெஞ்சோடு அணைத்துச் சென்ற எவருக்கும் அந்த மண்பாண்டத்தின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

நம்மிடையே கசிவைக் கண்டு சொல்பவன் இன்றும் இருப்பான். அவன் சொல் கசக்கும். ஆயினும், அவன் சுருளை நெருப்பில் இடுமுன், ஒருமுறை கட்டுவரை சென்று பார்ப்போமாக.