விளம்பரம் சொல்லும் கதையும் வகுப்பறை கேட்க வேண்டிய கேள்வியும்

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பாட்டி வடை சுட்ட கதையை ஒன்றாம் வகுப்பில் சொல்லிக்கொண்டே வந்து, காகம் வடையைத் தூக்கும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். வகுப்பே "அப்புறம்?" என்று கேட்கும். விளம்பரத் துறை பணம் போடுவது இந்த ஒரு சொல்லின் மீதுதான். பொருளின் பெருமைகளை வரிசையாகச் சொன்னால் நாம் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவோம். ஒருவருக்குச் சிக்கல் வந்தது என்று தொடங்கினால், அது தீரும்வரை உட்கார்ந்திருப்போம். தீர்க்க வருகிற பொருளையும் பார்த்துவிடுவோம்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரே பொருளின் இரண்டு விளம்பரங்களை வைத்துப் பார்க்கலாம்.

லலிதாஜியும் சேற்றுக்குட்டையும்

குறைந்த விலையில் வந்த நிர்மா சலவைத்தூள் இந்திய வீடுகளை வேகமாகப் பிடித்தபோது, விலை அதிகமான சர்ஃபுக்கு நெருக்கடி வந்தது. அதற்கு விடையாக விளம்பர வல்லுநர் அலிக் பதம்சி 1980களில் உருவாக்கிய பாத்திரம் லலிதாஜி. தொலைக்காட்சியில் அந்த வேடத்தில் நடித்தவர் கவிதா சௌத்ரி. காய்கறிக் கடையில் கறாராகப் பேரம் பேசும் இல்லத்தரசி அவர். அப்படிப்பட்டவர் ஏன் விலை கூடிய தூளை வாங்க வேண்டும்? மலிவான பொருளுக்கும் நல்ல பொருளுக்கும் வேறுபாடு உண்டு, அரை கிலோ சர்ஃப் ஒரு கிலோ சாதாரணத் தூளின் வேலையைச் செய்யும் என்பது அவருடைய வாதம். ஏமாறாதவர் சொல்கிறார் என்பதால் கேட்பவர்கள் நம்பினார்கள்.

அடுத்தது, 2000களில் வந்த சர்ஃப் எக்ஸெல் விளம்பரம். "கறை நல்லது" என்று தமிழிலும் நம் காதில் விழுந்த வரிசையைச் சேர்ந்தது. பள்ளி விட்டு வரும் வழியில் சிறுமி சேற்றில் விழுந்து அழுகிறாள். உடன் வந்த சகோதரன் அந்தச் சேற்றுக்குட்டையையே எதிரியாக நினைத்துக் குத்துகிறான், அது மன்னிப்புக் கேட்கும்வரை! அவன் சீருடை முழுதும் சேறு. சிறுமியின் அழுகை நின்றுவிடுகிறது.

இரண்டும் கதைகள்தாம். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. லலிதாஜியின் கதைக்குள் நாம் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு கூற்று இருக்கிறது. சேற்றுக்குட்டைக் கதையில் அப்படி எதுவும் இல்லை. தூள் எவ்வளவு வெளுக்கும் என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை. பிள்ளையின் அன்பைப் புரிந்துகொள்ளும் பெற்றோராக இருக்க நாம் விரும்புகிறோம். அந்த விருப்பத்தின் அருகில் பொருள் வந்து நின்றுகொள்கிறது. இதில் பொய் இல்லை. ஆனால் சரிபார்க்கவும் எதுவும் இல்லை.

நம் மாணவர்கள் கைப்பேசியில் இன்று பார்ப்பதில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகைதான். சத்துமாவு, சிகப்பழகுக் கிரீம், இணைய விளையாட்டு, பயிற்சி வகுப்பு என எல்லாவற்றுக்கும் ஒரு கதை இருக்கிறது. "நம்பாதே" என்று அறிவுரை சொல்வதால் பயன் குறைவு. கதையை ரசிக்கவும் வேண்டும், பிரித்துப் பார்க்கவும் தெரிய வேண்டும்.

கரும்பலகையில் மூன்று கட்டங்கள்

இதற்கு ஒரு பாடவேளை போதும். கரும்பலகையில் மூன்று கட்டங்கள் வரையுங்கள்: கதை, கூற்று, சான்று. மாணவர்கள் சொல்லும் ஒரு விளம்பரத்தை எடுத்து, யாருக்கு என்ன நடந்தது என்பதை முதல் கட்டத்தில் எழுதச் சொல்லுங்கள். பொருள் என்ன செய்யும் என்று சொல்லப்பட்டதோ, அது இரண்டாவதில். அதற்கு என்ன ஆதாரம் காட்டினார்கள் என்பது மூன்றாவதில். பல விளம்பரங்களுக்கு முதல் கட்டம் நிரம்பி வழியும். மூன்றாவது காலியாகவே நிற்கும். அந்தக் காலி இடத்தைக் குழந்தைகளே கண்டுபிடிக்கட்டும்.

கணக்கு ஆசிரியருக்கும் இதில் வேலை உண்டு. லலிதாஜியின் வாதத்தையே எடுத்துக்கொள்வோம். விலை கூடிய தூள் அரை கிலோ 60 ரூபாய், சாதாரணத் தூள் ஒரு கிலோ 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அவர் சொல்வது முழுக்க உண்மையாகவே இருந்தாலும், அதே வேலைக்கு 10 ரூபாய் கூடுதல் செலவு. சாதாரணத் தூள் 70 ரூபாய் என்றால் 10 ரூபாய் மிச்சம். பாத்திரம் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தீர்ப்புச் சொல்வது கணக்குதான் என்பதை ஆறாம் வகுப்பு மாணவர் தானே கண்டுகொள்வார்.

குடிமக்கள் நுகர்வோர் மன்றம் உள்ள பள்ளிகளில் சட்டத்தையும் சேர்த்துச் சொல்லலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க முடியும்.

நாமும் விளம்பரம் செய்கிறோம்

மாணவர் சேர்க்கைக் காலத்தில் நாமும் துண்டறிக்கை அச்சிடுகிறோம், வீடு வீடாகப் போகிறோம். நம் துண்டறிக்கை பெரும்பாலும் பட்டியல்: திறன்மிகு வகுப்பறை, விலையில்லாப் பாடநூல், காலை உணவு. எல்லாம் உண்மை. ஆனால் "அப்புறம்?" என்று கேட்க வைக்காது.

டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே உதவும். பங்கேற்றவர்கள் கையில் 5 டாலர் கொடுத்து, ஆப்பிரிக்காவின் பசிக்கு நன்கொடை கேட்டார்கள். புள்ளிவிவரம் படித்தவர்கள் சராசரியாக 1.14 டாலர் கொடுத்தார்கள். ரோக்கியா என்ற 7 வயதுச் சிறுமியைப் பற்றிப் படித்தவர்கள் 2.38 டாலர் கொடுத்தார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் கொடுத்தது 1.43 டாலர்தான். ஒரு குழந்தையின் முகம் நம்மை அசைக்கிறது. அதன் மேல் எண்களைக் கொட்டினால் அசைவு அடங்கிவிடுகிறது.

ஆகவே சேர்க்கைத் துண்டறிக்கையில் ஒரே ஒரு குழந்தையைப் பற்றி நான்கு வரி எழுதுங்கள். ஜூன் மாதம் எழுத்துக் கூட்டிப் படித்த குழந்தை, மார்ச்சில் பாட்டிக்கு மருந்துச் சீட்டைப் படித்துக் காட்டியது என்று எழுதினால், அந்தத் தெருவுக்கே அது போய்ச் சேரும். வசதிகளின் பட்டியல் பின்பக்கத்தில் இருக்கட்டும்.

ஆனால் மூன்று நிபந்தனைகள். கதை நடந்ததாக இருக்க வேண்டும். பெற்றோரின் சம்மதத்தோடும் குழந்தையின் விருப்பத்தோடும் மட்டுமே எழுத வேண்டும். குழந்தையின் வறுமையையோ குடும்பத்தின் குறையையோ எழுதக் கூடாது. படம் அச்சேறிய பிறகு அந்தக் குழந்தை அதே தெருவில்தான் நடக்க வேண்டும், அதே வகுப்பில்தான் உட்கார வேண்டும். பள்ளிக்கு நான்கு சேர்க்கை கூடுவதற்காக ஒரு குழந்தை தலைகுனியக் கூடாது.

நம் துண்டறிக்கையையும் அதே மூன்று கட்டங்களில் வைத்து மாணவர்களிடமே கொடுங்கள். கதை எது, கூற்று எது, சான்று எங்கே என்று அவர்கள் கேட்கட்டும். மூன்றாம் கட்டத்தை நம்மால் நிரப்ப முடிந்தால், அந்தத் துண்டறிக்கையைத் துணிந்து வீடு வீடாகக் கொண்டு போகலாம்.