சங்கீதம் யார் வீட்டுச் சொத்து?

(தென்காசியில் செய்த சொற்பொழிவின் சாரம்)



குற்றாலத்தில் சாரல் விழுகிற காலம். அருவியில் தலையைக் காட்டிவிட்டு ஈரத் துண்டோடு நேரே இங்கு வந்து உட்கார்ந்திருக்கும் தோழர்கள் பலரைப் பார்க்கிறோம். இந்தக் கூட்டத்தில் நாம் சங்கீதத்தைப் பற்றிப் பேச எழுந்தது சிலருக்குச் சிரிப்பாயிருக்கலாம். நமக்கு ராகம் தெரியாது. தாளம் போட்டால் கை தவறும். ஆனால் நாம் பேசப்போவது ராகத்தைப் பற்றியல்ல. பிள்ளைகளைச் சேர்த்து வைத்து வாத்தியம் கற்பித்து, அவர்களை ஒரு கோஷ்டியாக வாசிக்கச் செய்கிறார்களே, அந்த ஆசிரியர்களின் வேலையைப் பற்றித்தான். அதற்குக் கண்ணும் காதும் கொஞ்சம் அறிவும் போதும்.

தோழர்களே, நமது நாட்டில் சங்கீதம் என்றவுடன் என்ன சொல்லுகிறார்கள்? அது பூர்வ ஜென்ம புண்ணியம் என்றும், சரஸ்வதி கடாட்சம் என்றும், இரத்தத்தில் ஊறி வரவேண்டியது என்றும் சொல்லுகிறார்கள். அப்படியே வைத்துக்கொள்வோம். அந்தச் சரஸ்வதி அம்மாளுக்குச் சில தெருக்களின் விலாசம் மாத்திரம் தெரிந்து, சேரிக்குப் போகிற வழி மாத்திரம் தெரியாமற் போனதன் இரகசியமென்ன?

மிருதங்கம் இருக்கிறதே, அதற்குப் பசுத்தோலும் ஆட்டுத்தோலும் எருமைத்தோலும் வேண்டும். அந்தத் தோலைப் பதம் பார்த்து, இழுத்துக் கட்டி, சுருதி சேர்த்துக் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள். அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020ஆம் வருஷம் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். செத்த பசுவின் தோல் மேடையேறினால் தீட்டில்லை. அதற்கு நாதம் உண்டாக்கின மனிதன் மேடையேறினால் தீட்டு! சுருதி சேர்க்கத் தெரிந்த காதுக்குச் சங்கீதம் வராது என்று சொன்னால் எந்த மடையன் நம்புவான்?

இந்தப் பக்கத்துக் கொடைகளில் நையாண்டி மேளம் கேட்டிருக்கிறீர்கள். நாதசுரம், தவில், பம்பை, உறுமி எல்லாம் விடிய விடிய முழங்கும். ஒருவர் கண்ணைக் காட்டினால் அத்தனை பேரும் ஒரே அடியில் நிறுத்துவார்கள். இதற்கு எவ்வளவு பயிற்சி வேண்டும்! ஆனால் இதற்குப் பெயர் ‘கொட்டு’. சபாவில் நடந்தால் அதற்குப் பெயர் ‘கச்சேரி’.

இனி நமது ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லுகிறோம். இங்கிருந்து கொஞ்ச தூரத்திலுள்ள சாம்பவர் வடகரையில் 1859இல் பிறந்தவர் ஆபிரகாம் பண்டிதர். பள்ளிக்கூட உபாத்தியாயராயிருந்தவர், சித்த வைத்தியத்தில் பொருள் தேடியவர். அந்தப் பொருளைக் கோபுரத்திற்கோ கும்பாபிஷேகத்திற்கோ கொடுக்கவில்லை. 1912இல் தஞ்சாவூரில் ஒரு சங்கீத சங்கம் வைத்து, வித்துவான்களை வரவழைத்து, தமது செலவில் மகாநாடுகள் கூட்டினார். கற்கும் பிள்ளைகளுக்காகத் தமிழிலேயே பாட்டுகள் செய்து சுரக்குறிப்போடு அச்சிட்டார். 1916இல் பரோடா மகாநாட்டுக்குத் தம் பெண்மக்களையும் அழைத்துப்போய்ச் சபை நடுவே பாட வைத்தார். 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற பெரும் புத்தகத்தை வெளியிட்டார். அவர் கடவுள் நம்பிக்கையுள்ள கிறிஸ்தவர். அது அவர் பாடு. குருவின் வாயில் அடைபட்டுக் கிடந்ததைக் காகிதத்தில் இறக்கியதுதான் நமக்கு வேண்டியது.

ஏனென்றால், காகிதத்தில் இறங்கிவிட்ட வித்தைக்கு ஜாதி பார்க்கத் தெரியாது. பண்ணைப்புரத்திலிருந்து ஆர்மோனியப் பெட்டியோடு சென்னைக்குப் போன இளையராஜா, தன்ராஜ் மாஸ்டர் என்ற ஆசிரியரிடம் மேல்நாட்டு இசைக்குறிப்பைக் கற்றார். அவர் எழுதிய சிம்பொனியை 2025 மார்ச்சு 8ஆம் தேதி இலண்டனில் வெள்ளைக்கார வாத்தியக்காரர்கள் காகிதத்தைப் பார்த்து வாசித்தார்கள். அவர்களில் யாராவது உமது கோத்திரம் என்ன என்று கேட்டிருப்பார்களா?

ஒரு கோஷ்டி எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒவ்வொருவர் முன்னாலும் அவரவர் பங்கு எழுதிய தாள் இருக்கும். தன் முறை வராதவன் சும்மா இருக்க முடியாது. எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணிக்கை தவறினால் அவன் மாத்திரமல்ல, பக்கத்திலிருப்பவனும் கெடுவான். ஒரே தாளை இரண்டு பிடில்காரர்கள் பார்த்து வாசிப்பதும் உண்டு. அக்கிரகாரத்துப் பையனும் சேரிப் பையனும் ஒரு தாளைப் பங்கிட்டுக்கொண்டு, ஒருவன் வாசிப்பை மற்றவன் காதுகொடுத்துக் கேட்டுத்தான் ஆகவேண்டும். நாம் நூறு மேடையில் கத்திச் சொல்லுவதை இந்த ஒரு நாற்காலி வரிசை செய்துவிடுகிறது! முன்னால் நின்று கோலசைத்து நடத்துகிறவர் இருக்கிறாரே, அத்தனை பேரிலும் சத்தம் போடாதவர் அவர் ஒருவரே. நம் ஊர்த் தலைவர்கள் அவரிடம் கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம்.

இது கனவல்ல. சென்னையில் ஏ.ஆர். ரகுமான் 2008இல் தொடங்கிய இசைப்பள்ளியில், ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிப் பிடிலும் செல்லோவும் கற்பித்து, ‘சன்ஷைன்’ என்ற பெயரில் ஒரு கோஷ்டி அமைத்தார்கள். அதைப் பயிற்றி நடத்தியவர் ஸ்ரீநிவாசமூர்த்தி. முன்பின் பிடிலைத் தொட்டறியாத பிள்ளைகள் சில வருஷத்தில் மேடையேறியது கடாட்சத்தாலா, தினசரிப் பயிற்சியாலா?

வெனிசுவேலா என்ற தேசத்தில் 1975இல் அப்ரேயு என்பவர் ஒரு கார்க் கொட்டகையில் ஒத்திகை வைத்தார். வந்தவர்கள் 11 பேர். பிறகு அது பல லட்சம் பிள்ளைகள் கற்கும் ஏற்பாடாயிற்று. அதில் வளர்ந்த டுடமெல் என்பவர் 2009இல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துப் பெரிய கோஷ்டியை நடத்தும் பதவிக்கு வந்தார்.

ஆனால் இதன் மறுபக்கத்தை மறைப்பது யோக்கியமாகாது. அந்த ஏற்பாட்டிற்குப் பணம் அரசாங்கத்தினுடையது. 2017இல் அங்கு நடந்த கிளர்ச்சியில், அந்த ஏற்பாட்டில் வாசித்துவந்த ஓர் இளைஞன் கொல்லப்பட்டான். டுடமெல் வாய்திறந்து அரசாங்கத்தைக் கண்டித்தார். உடனே அவர் நடத்தவிருந்த இளைஞர் கோஷ்டியின் அமெரிக்கப் பயணம் ரத்தாயிற்று! வாத்தியமும் சோறும் ஒரே கையிலிருந்து வந்தால் இதுதான் கதி. அந்தக் கை தர்மகர்த்தாவின் கையானாலும் மந்திரியின் கையானாலும், ஏன், நமது இயக்கத்தின் கையானாலும் ஒன்றுதான். கோல் பிடித்தவரையும் புதுக் குருவாக்கிக் காலில் விழப் பழகிவிட்டால் பழைய குருகுலமே மறுபடியும் வந்து சேரும்.

ஆகவே தென்காசித் தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். தென்காசி 2019இல் தனி ஜில்லாவாகிவிட்டது. கலெக்டர் வந்தால் முரசு தட்டவும், ஆகஸ்டு 15இல் அணிவகுக்கவும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறோமே, அந்த முரசு மற்ற நாளெல்லாம் அலமாரியில் பூட்டிக் கிடப்பானேன்? கொடைக்கு வீட்டுக்கு வீடு வரி போடத் தெரிந்த ஊர், வாணவேடிக்கையில் ஒரு இரவில் கரியாக்குவதில் ஒரு பங்கை வாத்தியத்திற்கு ஒதுக்கட்டும். ஒரே ஆள் பெருந்தொகை கொடுக்க வந்தால் வேண்டாமென்று சொல்லுங்கள். நூறு பேரிடம் சிறுசிறு தொகையாக வாங்குங்கள். பெண் பிள்ளைகளைப் பாட்டுக்கு மாத்திரம் என்று ஒதுக்காமல் தவிலையும் உறுமியையும் அவர்கள் கையிலும் கொடுங்கள்.

ஆசிரியர் எங்கே என்று கேட்பீர்கள். சென்னைக்குக் கடிதம் எழுதுவதற்கு முன்னால், சென்ற கொடையில் விடிய விடிய வாசித்துவிட்டு, கூலியை வாசலுக்கு வெளியே நின்று வாங்கிக்கொண்டு போனார்களே நையாண்டி மேளக்காரர்கள், அவர்கள் வீட்டுக்குப் போங்கள். அவர்களை உள்ளே அழைத்து நாற்காலி போட்டு, மாதச் சம்பளம் எவ்வளவு வேண்டுமென்று கேளுங்கள்.