வந்தாரை வாழவைக்கும் சென்னை - நம் தெருவில் எப்படி?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைய கூட்டப் பொருளில் நான்காவதாக ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு குழுவில் புது உறுப்பினர் ஒருவரைச் சேர்ப்பது. வழக்கமாக இதைக் குழுவே பேசி, தீர்மான நோட்டில் எழுதி முடித்துவிடும். இந்த முறை முடியவில்லை. சேர வந்த பெண் ஒடிசாவைச் சேர்ந்தவர். பாதிப் பேர் சேர்க்கலாம் என்கிறார்கள், பாதிப் பேர் கூடாது என்கிறார்கள். பேச்சு முற்றி, ரெண்டு வாரம் சேமிப்பே கட்டாம இருந்துட்டாங்க. அதனால்தான் கூட்டமைப்புக்கு வந்திருக்கு. முடிவு உங்களுடையது. அதுக்கு முன்னால எங்க மனசுல இருக்கிறதைச் சொல்லிடறோம்.

முதலில் ஒரு கேள்வி. தாத்தா காலத்திலிருந்தே அம்பத்தூர்க்காரங்க யார் யார்? கை தூக்குங்க பார்க்கலாம்.

(ஏழு பேர் கை தூக்கினார்கள். சிரிப்பு.)

இத்தனை பேரில் ஏழு கை. மத்தவங்க எல்லாம் விழுப்புரம், திருவண்ணாமலை, ராமநாதபுரம், சித்தூர்ப் பக்கம். 1964-ல் இங்கே தொழிற்பேட்டை வந்தது. வேலை இருக்கிற இடம் என்று நம்ம அப்பாவோ மாமனாரோ ஒரு டிரங்குப் பெட்டியோட வந்து இறங்கினாங்க. 2011-ல் அம்பத்தூர் மாநகராட்சியோடு சேர்ந்தது. 174 சதுர கிலோமீட்டர் இருந்த மாநகராட்சி 426 ஆனது. அதாவது நாம சென்னைக்குப் போகலை, சென்னைதான் நம்ம வாசலுக்கு வந்தது. இன்னைக்கு டீக்கடையில நின்னா ஒடியா கேக்குது, பெங்காலி கேக்குது, போஜ்புரி கேக்குது. ரீசார்ஜ் கடையில இந்தியில போர்டு. பார்த்தா உலகமே இங்க வந்துட்ட மாதிரி பெரிய ஊர்தான்.

ஆனால் வீடு வீடாகப் போகும்போது எங்கள் காதில் விழும் பேச்சு வேறு. "அந்த ரூம் பக்கம் பிள்ளைங்களை விடாதீங்க." "குழாயடியில அவங்க குடம் நம்ம வரிசையில வரக்கூடாது." "அந்த இந்திக்காரி." நம்ம கிராமத்தை விட்டு வரும்போது எதையெல்லாம் விட்டுட்டு வந்தோம்னு நினைச்சோமோ, அது இங்க வந்து உட்கார்ந்திருக்கு. ஆள் கூடக் கூட ஊர் பெருசாகுதா, இல்லை நாம சின்ன ஊர்க்காரங்களா ஆயிட்டு வர்றோமா?

கொஞ்சம் பழைய கதை. 1639-ல் வெள்ளைக்காரன் கோட்டை கட்ட இடம் வாங்கின நாளிலிருந்தே இது வந்தவங்க ஊர். 1734-ல் நெசவாளர்களைக் குடியமர்த்துவதற்காகவே உண்டாக்கியது சிந்தாதிரிப்பேட்டை. பாரிமுனையில் ஆர்மீனியர்கள் இருந்த தெரு, நம்ம வாய்க்கு அந்தப் பேரு வராம 'அரண்மனைக்காரன் தெரு' ஆயிடுச்சு. குஜராத்தி, மார்வாடிக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிற இடம் சௌகார்பேட்டை. 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்த பிறகு, பிழைப்பை இழந்து கப்பலேறி வந்த நம்ம சனங்கள் வியாசர்பாடிப் பக்கம் குடியேறினாங்க. அவங்க போட்ட கடைகள்தான் பர்மா பஜார். அவங்க கொண்டு வந்த அத்தோவை இன்னைக்கு நம்ம பிள்ளைங்க மெட்ராஸ் சாப்பாடுன்னே சாப்பிடுது.

எல்லாம் இனிப்பாகவே நடந்தது என்று சொல்ல வரவில்லை. 1953-ல் ஆந்திரா பிரிந்தபோது, மதராஸ் யாருக்கு என்று எவ்வளவு பெரிய சண்டை! அந்தச் சண்டை முடிந்த பிறகும் தெலுங்குக் குடும்பங்கள் இங்கேயேதான் இருந்தன. நம்ம குழுக்களில் எத்தனை பேர் வீட்டில் தெலுங்கு பேசுறீங்க? யாராவது அதைக் கேள்வி கேட்டோமா?

இன்னொன்று. நாம் காலையில் 'நாஷ்டா' சாப்பிடுகிறோம், பிள்ளையை 'ஜல்தி' வா என்கிறோம், வேலை கெட்டால் 'பேஜாரு' என்கிறோம். எல்லாம் வடக்கிலிருந்து வந்த உருது, இந்தி வார்த்தை. போன மாசம் ஒரு அக்கா, "அவங்க ரூமு ஒரே கலீஜு"ன்னு சொன்னாங்க. அந்தக் 'கலீஜு'ம் உருதுதான். அக்காகிட்டச் சொன்னோம், அவங்களே சிரிச்சுட்டாங்க.

சரி, மொழிதான் பிரச்சினை என்றால் ஒன்று கேட்கிறோம். குழு வர்றதுக்கு முன்னால அவசரத்துக்கு நகையை எங்க வச்சோம்? சேட்டு கடையில. "வாங்க சேட்டு, போங்க சேட்டு"ன்னு மரியாதையாத்தானே பேசினோம். அவரும் வடக்கிலிருந்து வந்தவர்தான், வீட்டில் பேசுவது வேறு மொழிதான். அபார்ட்மெண்டில் குடியிருக்கிற ஐ.டி. கம்பெனி மேனேஜருக்கும் தமிழ் தெரியாது. அவர் வீட்டில் வேலைக்குப் போற நம்ம உறுப்பினர் நாலு வார்த்தை இந்தி கத்துக்கிட்டாங்க, அதைப் பெருமையாவும் சொல்றாங்க. கையில சாந்துச்சட்டியோட வர்றவங்களைப் பார்த்தாத்தான் நமக்கு 'வடக்கன்'னு வாய் வருது. நாம் விலகி நிற்பது மொழியைப் பார்த்தா, ஏழ்மையைப் பார்த்தா?

நம்ம கூட்டமைப்பில் ஒரு அக்கா பம்பாய் தாராவியில் பிறந்தவர். 1966-ல் அங்கே சிவசேனா தொடங்கினபோது முதல்ல குறி வச்சது தென்னிந்தியர்களைத்தான். எங்கள் வேலையைப் பறிக்க வந்த மதராசிகள் என்று பேச்சு. திருநெல்வேலிக்காரரும் மதராசி, மலையாளியும் மதராசி. அந்த அக்கா சொன்னாங்க, அவங்க அப்பா கடைத்தெருவுல தமிழ் பேசப் பயந்து வாயை மூடிக்கிட்டு நடப்பாராம். 1991-ல் காவிரிக் கலவரத்தில் பெங்களூரிலிருந்து உயிர் தப்பி ஓடி வந்தவர்களும் நம்ம ஆட்கள்தான். சேர வந்திருக்கிற பெண்ணை 'இந்திக்காரி' என்கிறோமே, அவர் பேசுவது ஒடியா. இந்தி அவருக்கும் அரைகுறைதான்.

இப்போது உங்கள் கோபத்துக்கு வருகிறோம். பாக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நம்ம உறுப்பினர்கள் சிலரை நிறுத்திவிட்டு வெளிமாநில ஆட்களை எடுத்திருக்கிறார்கள். இது நிஜம், இதை மறைத்துப் பேச மாட்டோம். ஆனா ஏன் எடுக்கிறாங்க? கம்பெனி ரூமுலயே தங்கறாங்க, 12 மணி நேரம் நிக்கிறாங்க, பிள்ளைக்குக் காய்ச்சல்னு லீவு கேக்க மாட்டாங்க. காண்ட்ராக்டர் கையில சம்பளம், அதில் அவர் எவ்வளவு பிடிக்கிறார்னு அவங்களுக்கே தெரியாது. ஒரே வேலைக்கு உள்ளூர் ஆளைவிடக் குறைவாகக் கொடுக்கக் கூடாது என்று 1979-லேயே சட்டம் வந்தது. 2025 நவம்பரில் அந்தச் சட்டம் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. எந்தச் சட்டமானாலும், என்ன சம்பளம் என்று கேட்க அவர்களுக்கு ஆள் வேண்டுமே. அவங்க சம்பளம் எவ்வளவுன்னு நமக்குத் தெரியாத வரைக்கும் நம்ம சம்பளமும் ஏறாது. 2014 ஜூனில் மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் செத்தார்கள். தமிழ்நாட்டு ஆட்களோடு ஆந்திரா, ஒடிசா ஆட்களும் அதே இடிபாட்டில்தான் கிடந்தார்கள்.

வாடகை விஷயம். இதைச் சொன்னா சிலருக்கு வருத்தம் வரும், பரவாயில்லை. லைன் வீடு வைத்திருக்கும் நம்ம உறுப்பினர்கள் சிலர், ஒரு ரூமில் எட்டுப் பேரை வைத்துத் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். ஒரு கக்கூஸ். தண்ணிக்குத் தனிக் காசு. அப்புறம் அதே வாயால "ரூமை அசிங்கமா வச்சிருக்காங்க"ன்னு குழுவுல வந்து சொல்றோம். எட்டுப் பேர் வாடகை இனிக்குது, எட்டுக் குடம்தான் கசக்குது.

தப்பு எங்கள் பக்கமும் இருக்கிறது. குடும்பக் கணக்கு எடுத்தபோது அந்த லைன் வீடுகளை 'வெளியூர்' என்று எழுதிவிட்டுத் தாண்டிப் போனது நாங்கள்தான். அதற்குப் பிறகுதான் தெரிந்தது, அங்கே ஒரு குழந்தைக்கு அம்மை ஊசி போடவில்லை, ஆறு வயசுப் பையன் பள்ளிக்கூடமே போகவில்லை. வயதுச் சான்று இல்லை என்று எந்தப் பிள்ளையையும் பள்ளிக்கூடம் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அதை அந்தத் தாய்க்குச் சொல்ல ஆள் இல்லை. சமூகப்பணி படிச்ச எங்களுக்கே தோணலை.

2023 மார்ச்சில் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பீகார்க்காரங்களை அடிக்கிறாங்கன்னு பொய்யான வீடியோ செல்போனில் சுத்துச்சு. பயந்து போய் எத்தனையோ பேர் மூட்டை கட்டி ரயில் ஏறினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகளே விசாரிக்க வந்தார்கள். பக்கத்து ரூமில் இருந்தவங்க கிளம்பும்போது, "அது பொய், போகாதீங்க"ன்னு சொல்ற அளவுக்கு நமக்கும் அவங்களுக்கும் பழக்கம் இருந்ததா? இந்த ஒடிசாப் பெண் போகலை. எதிர்வீட்டு அம்மா, "நான் இருக்கேன், இரு"ன்னு சொன்னதால போகலைன்னு எங்ககிட்டச் சொன்னார். அந்த எதிர்வீட்டு அம்மாதான் இப்போது இவர் பேரைக் குழுவில் சொன்னவர்.

இனி விதிக்கு வருவோம். நம்ம விதிப்படி ஆறு மாதமாவது அந்தப் பகுதியில் குடியிருக்க வேண்டும். இவர் நாலு வருஷமா இருக்கிறார். குழுவில் 13 பேர் இருக்கிறார்கள், இடம் இருக்கிறது. தமிழ் பேசுவார், கொஞ்சம் தடுமாறும். கையெழுத்து ஒடியாவில் போடுவார். வங்கியில் கேட்டோம், எந்த மொழியில் போட்டாலும் ஒரே மாதிரி போட்டால் போதும் என்றார்கள்.

"கடன் வாங்கிட்டு ரயில் ஏறிட்டா யார் பொறுப்பு?" இதுதான் பெரிய கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. பத்துப் பேர் பணம் இது. ஆனா இதுவரைக்கும் நம்மகிட்டக் கடனை நிறுத்திட்டுப் போனவங்க யாரும் ரயில் ஏறலை, பாடிக்கும் ஆவடிக்கும்தான் போனாங்க. எங்கள் யோசனை: முதல் ஆறு மாதம் சேமிப்பு மட்டும். அடுத்த ஆறு மாதம், தன் சேமிப்பு அளவுக்குள் உள்கடன், ரெண்டு உறுப்பினர் ஜாமீன். அதன் பிறகு மற்றவர்களைப் போல. இந்த விதி இவருக்கு மட்டும் வேண்டாம். புதுசா யார் சேர்ந்தாலும், மதுரையிலிருந்து வந்தாலும், இதே விதி. இல்லைன்னா இவருக்குன்னு தனி வரிசை போட்ட மாதிரி ஆயிடும்.

விண்ணப்பம் கோப்பில் இருக்கிறது. அவர் கைக்குழந்தையோடு வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார். நான்காவது பொருள் வரும்போது அவரை உள்ளே கூப்பிட்டு வச்சுப் பேசறதா, அவர் இல்லாம பேசறதா என்பதை முதல்ல கேட்டுக்கலாம். இப்போ செயலாளர் அக்கா போன மாத வரவு செலவை வாசிக்கட்டும்.