ஏன் என்று கேட்கிறவர்களோடு

(பங்காளர் கூடுகையில் கொடுக்கப்பட்ட செய்தி)



"இவ்வளவு ஜெபித்தோமே, பிள்ளை ஏன் மரித்தது?" என்று ஒரு தாய் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்? "உனக்கு விசுவாசம் போதாது" என்று மட்டும் சொல்லாதிருப்போமாக.

கொல்லிமலையில் ஊழியம் செய்த ஜெஸ்ஸி பிராண்ட் ஐயா 1929இல் காய்ச்சலால் மரித்தார். அவருடைய மகன் டாக்டர் பால் பிராண்ட் 1946இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயாளியின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை; வலி தெரியாததால் சுட்டும் வெட்டுண்டும் அழிகின்றன என்று கண்டறிந்தார். நீக்கிவிடும் என்று நாம் ஜெபிக்கிற வலியே சரீரத்துக்குக் காவல்! நம் அறிவு எவ்வளவு குறைவுள்ளது!

ஆனாலும் தகப்பன் ஏன் மரித்தார் என்பதற்கு இது பதிலாகாது. யோபுவுக்கும் காரணம் சொல்லப்படவில்லை. தாயார் எவ்லின் அம்மையாரோ பதிலுக்குக் காத்திராமல் மலைமக்களிடம் திரும்பிச் சென்றார்கள். முதிர்வயதிலும் அவர்களுக்காகவே உழைத்து, 1974இல் தமது 95ஆம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்.

சந்தேகப்பட்ட தோமாவைச் சீஷர்கள் தள்ளிவிடவில்லை. எட்டு நாளைக்குப்பின் ஆண்டவர் வந்தபோது அவன் அவர்களோடேதான் இருந்தான். கேள்வியோடு வருகிறவர்களுக்கும் நம் நடுவே அப்படியே இடம் இருக்கட்டும்.

பதில் சொல்ல முடியாத வேளையிலும் அந்தத் தாயின் அருகே நாம் உட்காரலாம். உங்கள் ஜெபமும் காணிக்கையும் அதற்கே எங்களைத் தாங்குகின்றன. தொடர்ந்து ஜெபியுங்கள். ஆமென்.