பழைய லோரிக்கு டைமிங் வைத்தல்



கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில் தெலுக் பங்லிமா காராங்கைத் தாண்டினால் ஜெஞ்சாரோம் வரும். சுற்றிலும் செம்பனை. இன்று அந்தச் சாலையில் பழக்குலை ஏற்றிச் செல்லும் லோரிகள் டீசலில் ஓடுபவை. டீசல் என்ஜினுக்குத் தீப்பொறி வேண்டியதில்லை. ஆகவே இன்று நாம் பேசப்போவது அவற்றுக்குப் பொருந்தாது. ஆனால் அவ்வட்டாரத்துப் பெரியவர் ஒருவரின் கொட்டகையில் பழைய பெட்ரோல் செவர்லே லோரி ஒன்று இன்னும் உயிரோடு நிற்கிறது. இரண்டாம் உலகப்போரின்போது இராணுவத்துக்காகக் கனடாவில் செய்யப்பட்ட இனம் அது. போர் முடிந்தபின் இத்தகைய இராணுவ லோரிகள் கைமாறி, நம் காடுகளில் மரம் இழுக்கும் 'சான் தாய் வோங்' லோரிகள் ஆயின. மலைக்கு அரசன் என்பது அச்சீனப் பெயரின் பொருள். பின்னாளில் அவற்றுள் பல டீசல் என்ஜினுக்கு மாறிவிட்டன. இந்தப் பெரியவர் மட்டும் மாற்றவில்லை.

சென்ற ஆண்டு அந்த லோரி அவருடைய வலக்கை எலும்பை முறித்துவிட்டது. பேட்டரி இறங்கியிருந்ததால் முன்பக்கத்தில் ஹேண்டில் போட்டுச் சுற்றினார். ஹேண்டில் திருப்பி அடித்தது. கட்டுப் போட்ட கையோடு நம்மிடம் வந்து, "வாத்தியாரே, ஐம்பது வருசமா காதாலேயே டைமிங் வைக்கிறவன் நான். என்னை ஏன் அடிச்சது?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. விடையைக் காண என்ஜினுக்குள் நடப்பதைச் சற்றே பார்க்க வேண்டும்.

பிஸ்டன் மேலேறிப் பெட்ரோல் ஆவியையும் காற்றையும் நெருக்குகிறது. பிளக்கில் பொறி விழுகிறது. கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டன் உச்சிக்கு வந்த அதே கணத்தில் பொறி விழ வேண்டும் என்றுதான் நம் மாணவர்கள் எழுதுவார்கள். அது சரியன்று. கலவை எரிந்து முழு அழுத்தம் பெறச் சிறிது நேரம் ஆகிறது. கணக்குக்காக ஒரு வினாடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 600 சுற்று ஓடும் என்ஜின் அதற்குள் ஏறக்குறைய 7 டிகிரி திரும்பிவிடும். 3,000 சுற்றில் ஓடினால் 36 டிகிரி திரும்பிவிடும். ஆகவே பொறி முந்திக்கொண்டே விழ வேண்டும். வேகம் கூடக் கூட இன்னும் முந்த வேண்டும். அப்படி முந்தச் செய்வதற்கென்றே டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு சிறு எடைகள் உண்டு. சுழற்சி வேகத்தில் அவை விரிந்து பொறியை முன்னே தள்ளுகின்றன.

இனி, கையால் சுற்றும்போது என்ன ஆகிறது? வினாடிக்கு ஒரு சுற்று என்று வைத்தால், எரிந்து முடிவதற்குள் என்ஜின் ஒரு டிகிரிகூடத் திரும்பாது. உச்சிக்கு 5 டிகிரி முன்னால் பொறி விழுந்தால் பெரும்பாலும் கவலையில்லை. அவ்விடத்தில் கிராங்க் ஏறக்குறைய நேர்கோட்டில் நிற்பதால், எரிகிற வாயு எவ்வளவு அழுத்தினாலும் திருப்பும் பலம் சொற்பம். கை கொடுத்த வேகமே அதைத் தாண்டிச் செல்லும். 15 டிகிரி முன்னால் விழுந்தாலோ, ஏறிவரும் பிஸ்டனை வாயு வந்த வழியே திருப்பி அனுப்பிவிடும். ஹேண்டில் பிடித்த கை அதன் குறுக்கே நிற்கிறது. 1912ஆம் ஆண்டு கேடிலாக் கார்களில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தபோது உலகம் அதைக் கொண்டாடியதற்கு இப்படி முறிந்த கைகளும் ஒரு காரணம்.

சரி, பெரியவரின் டைமிங் அத்தனை தூரம் முந்தியது எப்படி? காதால் வைப்பது என்றால், சுமையோடு மேடு ஏறும்போது 'கிணிங் கிணிங்' என்று இடிப்புச் சத்தம் வரும்வரை டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி முந்தவிட்டு, பிறகு ஒரு மயிரிழை பின்வாங்குவது. அந்த நாளில் அது நல்ல முறைதான். 1930களின் சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேன் எண் எழுபதை ஒட்டியே இருந்தது. சிறிது முந்தினாலும் சத்தம் வந்து எச்சரிக்கும். இன்று நம் நிலையங்களில் விற்பது 95, 97. செவர்லேயின் 216 கன அங்குல என்ஜினோ கலவையை ஆறரை மடங்குதான் நெருக்குகிறது. இந்தப் பெட்ரோலில் அது இலேசில் இடிக்காது. சத்தம் வரட்டும், வரட்டும் என்று திருப்பிக்கொண்டே போனால் எங்கே போய் நிற்போம்? காது பழுதாகவில்லை, அதற்குச் செய்தி சொன்ன பெட்ரோல் மாறிவிட்டது.

ஆகவே குறியைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். இந்த என்ஜினில் ஸ்டார்ட்டருக்கு மேலே ஒரு சிறு சன்னல் இருக்கிறது. உள்ளே பிளைவீல் என்னும் கனத்த சக்கரத்தில் ஓர் இரும்புக் குண்டு பதித்திருக்கிறார்கள். அது சன்னலில் உள்ள முள்ளுக்கு நேரே வரும்போது முதல் பிஸ்டன் உச்சிக்கு 5 டிகிரி முன்னால் நிற்கிறது என்று பொருள். குண்டின்மேல் துரு மூடியிருக்கும். மணல்தாளால் தேய்த்து வெள்ளைச் சாயம் ஒரு பொட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாயிண்டின் இடைவெளியைச் சரிசெய்துவிட வேண்டும். ஓடித் தேய்ந்த பாயிண்டுக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் 16 பங்கு. புதிதுக்குச் சற்றே அதிகம். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும் என்பதால் வரிசையைத் தலைகீழாக்கக் கூடாது. அடுத்து கியரை நியூட்ரலில் போட்டு, கைபிரேக் இழுத்து, சாவியை அணைத்து, எல்லாப் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். ரேடியேட்டரை அடுத்துள்ள முதல் சிலிண்டரின் துளையில் கட்டைவிரலை அழுத்திக்கொண்டு, வேறொருவரை மெல்லச் சுற்றச் சொல்லுங்கள். காற்று விரலைத் தள்ளினால் அதுதான் நெருக்கும் வேளை. இதைச் சோதிக்காமல் குண்டை மட்டும் நம்பிவிடாதீர்கள். இந்த ஆறு சிலிண்டர் என்ஜினில் பொறி விழும் வரிசை 1-5-3-6-2-4. முதலாவதும் ஆறாவதும் சேர்ந்தே ஏறி இறங்கும். குண்டு முள்ளுக்கு நேரே நின்றாலும், முறை ஆறாவதுடையதாக இருக்கலாம். அப்படித் தவறி வைத்துவிட்டால் கார்புரேட்டர் வழியே வெடிக்கும், என்ஜின் ஓடாது.

குண்டு முள்ளுக்கு வந்ததும் நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னே போய் மறுபடி வாருங்கள். பற்சக்கரங்களின் தளர்ச்சி நம்மை ஏமாற்றிவிடும். பிறகு பேட்டரிக்குப் பொருந்தும் சிறு பல்பு ஒன்று. ஒரு கம்பியை டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டு முனையிலும் மற்றதை என்ஜின் இரும்பிலும் கட்டிச் சாவியைப் போடுங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்வரை விளக்கு எரியாது. திறக்கிற கணத்தில் எரியும். பொறி விழுவதும் அந்தக் கணத்தில்தான். பிடிப்பைத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டரை ரோட்டர் சுற்றும் திசையில் விளக்கு அணையும்வரை திருப்பி, பின் எதிர்த்திசையில் மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். விளக்கு எரிந்ததும் முறுக்கிவிடுங்கள்.

பெரியவரின் லோரியில் முதலில் நாம் சோதித்தபோது, குண்டு சன்னலுக்குள் தலைகாட்டுவதற்கு வெகு முன்பே விளக்கு எரிந்தது. சரிசெய்து ஓட்டினோம். "வண்டி மந்தமா இருக்கு வாத்தியாரே" என்றார். பழக்க தோஷம் என்று நாம் எண்ணினோம். நாம் எண்ணியதுதான் பிழை. டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிப் பார்த்தால், அந்த இரண்டு எடைகளும் துருப்பிடித்து ஒட்டிக்கிடந்தன. வேகம் கூடியபோது பொறி முந்தவே இல்லை. சாலையில் வண்டி இழுக்காததைக் கண்டு, அவர் ஆண்டுக்கணக்கில் நிலை டைமிங்கைச் சிறுகச் சிறுக முந்தவைத்து ஈடுகட்டியிருக்கிறார். ஓட்டத்துக்கு அது உதவியது, ஹேண்டிலுக்கு எமனாயிற்று. எடைகளைத் துலக்கி, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, மீண்டும் விளக்கு வைத்து டைமிங் பிடித்தோம். நின்று ஓடும் வேகம் குறைந்ததால் கார்புரேட்டர் திருகை அரைச்சுற்று ஏற்ற வேண்டியிருந்தது. பழைய மேட்டில் ஏற்றிப் பார்த்துவிட்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை அது பாராட்டுத்தான்.

டைமிங் சரியாக இருந்தாலும் ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். கீழிருந்து மேலே இழுங்கள், மேலிருந்து அழுத்தாதீர்கள். பாயிண்டின் குதிகால் தேயத் தேய இடைவெளி சுருங்கி டைமிங் பின்தங்கும். ஆதலால் பாயிண்டைத் தொடும்போதெல்லாம் விளக்கையும் வைத்துப் பாருங்கள். ஜெஞ்சாரோம் கொட்டகையில் அந்தப் பல்பு இப்போது ஹேண்டில் மாட்டும் அதே ஆணியில் தொங்குகிறது.