பொதுவீடும் சொந்த வீடும்



அயர்லாந்தின் இலக்கியத்தைப் பேச முற்படுபவர் அந்நாட்டுப் 'பப்' வாசலை மிதிக்காமல் அப்பாற் செல்வது அரிது. 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் குறுக்கமே பப். பொதுவீடு என்று பொருள். நம்மூர்த் தவறணையை மனத்திற் கொண்டு அதனை எடைபோடலாகாது. சில ஊர்களிலே பலசரக்குக் கடையும் மதுச்சாலையும் ஒரே கூரையின் கீழ் இயங்கின. அடிக்கடி மழை பெய்யும் அந்நாட்டிலே உள்ளே நுழைந்தாற் கணப்பு நெருப்பு. பெயர் சொல்லி அழைக்கும் கடைக்காரர். 'ஸ்னக்' எனப்படும் மறைவான சிற்றறை. பெண்கள் வெளிப்படையாகக் குடிப்பது இழுக்கெனக் கருதப்பட்ட காலத்தில் அவர்கள் அமர்ந்தது அச்சிற்றறையிலேதான்.

மதுவைத் தொடாத என்னையும் அந்த இடம் ஏன் கவர்கிறது? அங்கே ஒருவன் வாய் திறந்தாற் கேட்பதற்கு ஆள் இருக்கிறது.

ஜேம்ஸ் ஜொய்ஸ் 1922 இல் வெளியிட்ட 'யுலிசிஸ்' நாவலிலே, 1904 யூன் 16 ஆம் நாள் நண்பகல், புளூம் என்பவர் டப்ளினில் உள்ள டேவி பேர்ன்ஸ் என்ற பப்பிற்குள் நுழைகிறார். பாற்கட்டி வைத்த சான்ட்விச், ஒரு கிளாஸ் வைன், சிறிது பேச்சு. அவ்வளவுதான். இன்றும் யூன் 16 இல் வாசகர்கள் அங்கே சென்று அதையே வாங்கி உண்கின்றனர்.

அதே கடை, 1914 இல் வெளியான 'டப்ளினர்ஸ்' தொகுதியில் 'கவுன்ரர்பார்ட்ஸ்' என்ற சிறுகதையிலும் வருகிறது. ஃபாரிங்டன் ஒரு லிகிதர். நாள் முழுவதும் பத்திரங்களைப் பிரதி செய்பவர். மேலதிகாரி ஏசியபோது வாய் தவறித் துடுக்காய்ப் பதில் சொல்லிவிடுகிறார்; பின்னர் தாழ்ந்து மன்னிப்புக் கேட்கிறார். மாலையிலே கடிகாரத்தை அடகு வைத்து 6 சில்லிங் பெற்று டேவி பேர்ன்ஸுக்குப் போகிறார். கந்தோரில் அவமானமாக முடிந்த அந்தப் பதில் அங்கே வீரக்கதையாகிறது. மன்னிப்புக் கேட்டதை மட்டும் அவர் சொல்வதில்லை.

ஒருவர் எல்லாருக்கும் வாங்க, அடுத்தவர் எல்லாருக்கும் வாங்குவது அங்குள்ள வழக்கம். தோழமை மிக்க வழக்கம்தான். இடையில் எழுந்து போக முடியாத வழக்கமும் அதுவே. பணம் கரைகிறது. மலிகன்ஸ் என்ற பப்பிலே ஓர் இளைஞனிடம் கைமடக்கும் போட்டியிலும் தோற்றுப்போகிறார். வீடு திரும்புகிறார். மனைவி கோயிலுக்குப் போயிருக்கிறாள். குசினியில் அடுப்பு அணையும் நிலையில் இருக்கிறது. நெருப்பை அணையவிட்டாய் என்று சொல்லிச் சின்னஞ்சிறு மகனைக் கைத்தடியால் அடிக்கிறார். அடிக்க வேண்டாம், உங்களுக்காகச் செபம் சொல்கிறேன் என்று குழந்தை கதறுகிறது. கதை அங்கேயே முடிந்துவிடுகிறது.

நேயர்களே, பொதுவீட்டிலே ஃபாரிங்டனின் சொல்லுக்குப் பல செவிகள் இருந்தன. சொந்த வீட்டிலே அக்குழந்தையின் சொல்லுக்கு ஒரு செவியும் இல்லை. பப்பின் இதமும் பொய்யன்று; இந்த அடியும் பொய்யன்று. ஜொய்ஸ் இரண்டையும் எழுதினார்.

இக்கதையை ஒருமுறை வகுப்பிலே சொன்னேன். பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், அந்தப் பெடியன்ர அம்மா எப்ப வருவா?" என்று கேட்டான். கதையில் அவள் வருவதில்லை. அதை அவனுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.